பழத்தின் விலையும் கையின் விலையும்

(அறக்கட்டளை ஆண்டு விழாவின் மகளிர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய பெரியோர்கள் நோன்பின் பெருமையையும் தானத்தின் சிறப்பையும் எடுத்துரைத்தார்கள். நான் பேச வந்திருப்பது மிகச் சிறிய பொருள். சாக்லேட்டில் தோய்த்த பேரீச்சம்பழம் பத்து கொண்ட ஒரு பெட்டிக்கு என்ன விலை வைப்பது என்பதே அது. சென்ற ஆண்டு விழாவில் நான் வைத்திருந்த தட்டைச் சுற்றி நின்ற சகோதரிகள் பலர், "எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்கவில்லை, "என்ன விலைக்கு விற்கலாம்?" என்றே கேட்டார்கள். அன்று இரண்டு வரியில் விடை சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகு அந்த விடை போதாது என்று தோன்றியது. அக்குறையைத் தீர்க்கவே இன்று நிற்கிறேன்.

ஆறு ஆண்டுகளாகச் செங்கல்பட்டில் என் வீட்டுச் சமையலறையில் இதனைச் செய்து வருகிறேன். பேரீச்சை, உலர்ந்த மாம்பழத் துண்டு, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், அன்னாசி ஆகியவை ஆண்டு முழுவதும் நடப்பவை. குளிர்காலத்தில் ஸ்ட்ராபெர்ரி கிடைக்கும்போது அதையும் தோய்ப்பதுண்டு. வார நாள்களில் சொல்லிவைத்தவர்களுக்கு வீட்டிலேயே கொடுப்பேன். சனி, ஞாயிறுகளில் திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர் பயணித்து மாமல்லபுரம் சென்று விற்பேன்.

முதலாண்டில் நான் விலை வைத்த முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள். கணக்குப் புரிய வேண்டும் என்பதற்காக எண்களை இன்றைய விலைக்கு ஏற்ப வட்டமாக்கிச் சொல்கிறேன்.

ஒரு முறைக்கு நூறு பேரீச்சம்பழம் செய்வேன். கொட்டையோடு 1,150 கிராம் வாங்கினால், கொட்டை நீக்கிய பின் ஒரு கிலோ நிற்கும். கிலோ 400 ரூபாய் என்றால் பழத்துக்கு 460 ரூபாய். கொட்டை இருந்த இடத்தில் வைக்கும் வாதுமைக்கு 100 ரூபாய். ஒரு பழத்தின்மேல் 8 கிராம் சாக்லேட் ஏறும். நூற்றுக்கு 800 கிராம். பாத்திரத்திலும் கரண்டியிலும் ஒட்டி, தாளில் வழிந்து போவது ஒரு நூறு கிராம். ஆக 900 கிராம். கிலோ 1,000 ரூபாய் என்றால் 900 ரூபாய். மூன்றும் சேர்ந்து 1,460 ரூபாய். பத்துப் பெட்டிக்கு வகுத்தால் ஒன்றுக்கு 146 ரூபாய். அதன்மேல் ஏறத்தாழக் கால் பங்கு கூட்டி 180 ரூபாய் என்று எழுதினேன். ஒரு பெட்டிக்கு 34 ரூபாய் இலாபம் என்று மகிழ்ந்திருந்தேன்.

அந்த ஆண்டு தீபாவளிக்குப் பெட்டிகள் நன்றாக விற்றன. இரவு பதினொரு மணிவரை நின்றேன். விழா முடிந்ததும் கையில் பணம் இல்லை. எங்கே போயிற்று என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். ஒரு நோட்டை எடுத்து, கடைச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன்.

முதல் பிழை எண்ணிக்கையில் இருந்தது. நூறு பழம் தோய்த்தால் நூறும் பெட்டிக்குப் போவதில்லை. சில உடையும், சிலவற்றில் சாக்லேட் வெளுத்துப்போகும், சில சுவை பார்க்கக் கேட்பவர்களுக்குக் கொடுக்கப்படும். நிற்பது தொண்ணூறு, அதாவது ஒன்பது பெட்டி. 1,460 ரூபாயைப் பத்தால் வகுத்தது தவறு. ஒன்பதால் வகுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது பிழை, கண்ணில் படாத செலவுகள். அட்டைப் பெட்டி, அதன்மேல் ஒட்டும் லேபிள், பழத்தின் அடியில் வைக்கும் தாள் கிண்ணம் ஆகியவற்றுக்கு 200 ரூபாய். மின்சாரத்துக்கு 80 ரூபாய். போக்குவரத்தில் இந்த ஒரு முறைக்குரிய பங்கு 60 ரூபாய். பாத்திரம், வெப்பமானி, ஐஸ் பெட்டி ஆகியவற்றின் தேய்மானத்துக்கு 50 ரூபாய். இவற்றைச் சேர்த்தால் 1,850 ரூபாய். ஒன்பது பெட்டியை 180க்கு விற்றால் வரவு 1,620. ஒவ்வொரு முறையும் 230 ரூபாயை என் கணவரின் சம்பளத்திலிருந்து எடுத்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

மூன்றாவது பிழைதான் பெரியது. கொட்டை நீக்க, வாதுமை வைக்க ஒரு மணி நேரம். சாக்லேட்டை உருக்கிப் பதப்படுத்த முக்கால் மணி. தோய்க்க ஒன்றேகால் மணி. பெட்டியில் அடுக்கி லேபிள் ஒட்ட ஒரு மணி. பாத்திரம் கழுவ, மேடை துடைக்க ஒரு மணி. ஆக ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரத்துக்கு எதிரே என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. தீபாவளி நெருக்கத்தில் உதவிக்கு வந்த பெண்ணுக்கு மணிக்கு 70 ரூபாய் கொடுத்ததை எழுதியிருந்தேன். அவள் கைக்கு விலை உண்டு. அருகில் நின்று அதே வேலையைச் செய்த என் கைக்கு இல்லை.

ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2025–26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரமெனக் கொண்டால் மணிக்கு 42 ரூபாய். வெயிலில் மண் சுமக்கும் வேலைக்கு நாடு அப்போது வைத்த அடிமட்ட விலை அது. நான் எனக்கு வைத்த விலை சுழியத்துக்கும் கீழே இருந்தது. இப்போது மணிக்கு 100 ரூபாய் என்று எழுதுகிறேன். ஐந்து மணி நேரத்துக்கு 500. மொத்தச் செலவு 2,350. ஒன்பது பெட்டிக்கு வகுத்தால் ஒன்றின் அடக்க விலை 261 ரூபாய்.

இவ்விடத்தில் சிலர், "வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே, அதற்கு ஏன் கூலி?" என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது நோட்டு அன்று, ஒரு சகோதரி.

அவர் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் இருப்பவர். கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். அவரும் இதே பொருளைச் செய்து, இதே மாமல்லபுரத்தில், எனக்குச் சற்றுத் தள்ளி விற்றுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். கோபம் இல்லை, குரல் உயரவில்லை. "அக்கா, நீங்கள் நல்ல சாக்லேட்டில் செய்து 180க்குக் கொடுக்கிறீர்கள். அதனால் என் பெட்டியை 160க்கு மேல் யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் சம்பளம் வருகிறது. எனக்கு இந்தத் தட்டுதான். நீங்கள் எப்படி இந்த விலைக்குக் கொடுக்கிறீர்கள் என்று சொல்லிக் கொடுத்தால், நானும் அப்படியே செய்துகொள்கிறேன்" என்றார்.

என்னிடம் ஏதோ இரகசியத் திறமை இருப்பதாக அவர் நினைத்திருந்தார். என்னிடம் இருந்தது நட்டம் மட்டுமே. அந்த நட்டத்தைத் தாங்க எனக்கு ஒரு வீடு இருந்தது, அவருக்கு இல்லை. குறைந்த விலைக்குக் கொடுப்பதை நான் பெருந்தன்மை என்று எண்ணியிருந்தேன். அந்தப் பெருந்தன்மைக்கான விலையை அவருடைய பிள்ளைகள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் இருவரும் இரண்டு நோட்டுகளோடு உட்கார்ந்தோம். அவர் பயன்படுத்தியது காம்பவுண்டு என்னும் வகை. உண்மையான சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் இருக்கும். காம்பவுண்டில் அதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்ந்திருக்கும். விலை மிகவும் குறைவு. அவர் கிலோ 350 ரூபாய்க்கு வாங்கினார். குளிரூட்டிய அறையும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, வெயில் ஏறுமுன் தோய்த்து முடித்துவிடுவார். அவருடைய கை உழைப்புக்கும் மணிக்கு 100 ரூபாய் என்று எழுதியபோது, ஒரு பெட்டியின் அடக்கம் ஏறத்தாழ 190 ரூபாயில் நின்றது. அதைத்தான் 160க்கு விற்றுக்கொண்டிருந்தார்.

நாங்கள் இருவரும் ஒரே விலைக்கு விற்பது என்று ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. அது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி. அவரவர் செலவை அவரவர் மறைக்காமல் எழுதுவது என்று மட்டும் தீர்மானித்தோம். அவர் தம் லேபிளில் 'காம்பவுண்டு' என்று தெளிவாக எழுதி, 220 ரூபாய் விலை வைத்தார். நான் என் பெட்டியை 300 ஆக்கினேன். முதல் இரண்டு மாதம் எனக்கு விற்பனை பாதியாகக் குறைந்தது. பிறகு மெல்லத் தேறியது. இன்று என்னிடம் வாங்குபவர் ஒரு வகை. அவரிடம் வாங்குபவர் வேறு வகை. இருவர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது.

261 ரூபாய் அடக்கம் என்றால் 300 எதற்கு என்று கேட்கலாம். ஒன்பது பெட்டிக்கு 2,700 வரவு; 2,350 செலவு; மிச்சம் 350. அடக்கத்தின்மேல் ஏறத்தாழ 15 விழுக்காடு. கூலியை ஏற்கெனவே எழுதிவிட்ட பிறகு இது எதற்கு? மின்தடையில் ஒரு முறை முழுவதும் வீணாகும். கோடையில் இரண்டு மாதம் தொழில் நிற்கும். பழைய குளிர்பதனப் பெட்டி ஒரு நாள் கைவிடும். அந்நாள்களுக்காகவே இந்த மிச்சம். கூலி என் உடலுக்கு. மிச்சம் தொழிலின் உயிருக்கு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டும் நிற்காது.

கோடை என்று சொன்னேன். நம் ஊரில் இத்தொழிலின் விலையைத் தீர்மானிப்பதில் வெயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகிவிடும். செங்கல்பட்டில் மே மாதப் பகல் வெப்பம் அதைவிட மிகுதி. கரும் சாக்லேட்டை 45 முதல் 50 பாகை வரை உருக்கி, 27 அல்லது 28க்கு இறக்கி, மீண்டும் 31 அல்லது 32க்கு ஏற்றித்தான் தோய்க்க வேண்டும். அந்தப் பதம் தவறினால் பளபளப்பு போய், மேலே சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கடற்கரையின் ஈரக்காற்றில் வைத்தாலோ, மேலே நீர் முத்து முத்தாக அரும்பும். அது காய்ந்ததும் சர்க்கரை வெளுப்பாகப் படியும்.

வீட்டில் செய்யும் சாக்லேட் என்றால் தமிழ்நாட்டில் உதகமண்டலமே எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அங்குள்ள கடைகளில் கண்ணாடிப் பேழைகளில் குவித்துவைத்து எடைக்கு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர் இலவசம். இங்கே குளிரை மின்கட்டணம் கட்டி வாங்க வேண்டும். ஆகவே, "உதகையில் இந்த விலைக்குக் கிடைக்கிறதே" என்று யாராவது சொன்னால் வருந்தாதீர்கள். மலையின் விலை வேறு. கரையின் விலை வேறு. ஏப்ரல் இடையிலிருந்து சூன் வரை நான் மாமல்லபுரம் செல்வதில்லை. உருகும் பண்டத்தை விற்று நற்பெயரை இழப்பதைவிட, அந்த இரண்டரை மாதத்தை மற்ற மாதங்களின் மிச்சத்தில் கழிப்பது மேல்.

பச்சைப் பழங்களுக்குக் கணக்கு இன்னும் கடுமையானது. உலர்ந்த பழம் சில வாரம் தாங்கும். சாக்லேட்டில் தோய்த்த ஸ்ட்ராபெர்ரி அன்றைக்கே போக வேண்டும். பழத்தின் நீர் கசிந்து மேல்பூச்சு கழன்றுவிடும். நாற்பது செய்ய, கூலி உட்பட 600 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 15 ரூபாய் என்று தோன்றும். மாலைக்குள் முப்பதுதான் விற்கிறது என்றால், விற்ற முப்பதுதான் அந்த 600ஐச் சுமக்க வேண்டும். அடக்கம் 20 ரூபாய். விற்காத பழத்தின் விலையையும் விற்ற பழம் கொடுக்கிறது. ஆகவே எத்தனை செய்கிறோம் என்பதைவிட எத்தனை போகும் என்பதை அறிந்து விலை வையுங்கள். சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் மாமல்லபுரத்தில் எவ்வளவு வேறுபாடு என்பது அங்கே தட்டு வைத்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்து, கடையில் கொடுத்து விற்கும் முறை. இங்கே நான் இரண்டாம் முறை ஏமாந்தேன். யாரும் ஏமாற்றவில்லை, என் கணக்கே ஏமாற்றியது. ஒரு கடைக்காரர் 25 விழுக்காடு கழிவு கேட்டார். பெட்டிக்கு 270 ரூபாய் என் கைக்கு வர வேண்டும் என்று நினைத்து, 270இன் மேல் 25 விழுக்காடு கூட்டி 337 ரூபாய் 50 காசு என்று கணக்கிட்டேன். அவரோ விற்ற விலையில் கால் பங்கை எடுத்துக்கொண்டார். கைக்கு வந்தது 253 ரூபாய். அடக்கத்துக்கும் எட்டு ரூபாய் குறைவு. சரியான வழி, 270ஐ முக்காலால் வகுப்பது, வருவது 360. அதில் அவருக்கு 90, எனக்கு 270. அந்த 90 ரூபாயைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை. நான் நான்கு மணி நேரம் வெயிலில் நிற்காமல் அவர் நிற்கிறார். அதன் விலை அது.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான், மாமல்லபுரத்தில் நானே நின்று விற்கும்போது அந்த நான்கு மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் இருந்தது தெரிந்தது. இப்போது பெட்டியின் மேல் அனைத்து வரிகளும் உட்பட அதிகபட்ச விலை 360 என்று அச்சிட்டிருக்கிறேன். கடையிலும் என் தட்டிலும் அதுவே விலை. முன்கூட்டியே சொல்லி, செங்கல்பட்டில் வீட்டுக்கு வந்து வாங்கிச் செல்பவர்களுக்கு மட்டும் 300. காரணத்தை வாசலில் எழுதி மாட்டியிருக்கிறேன்: நிற்கும் நேரமும் போக்குவரத்தும் மிச்சமாவதால் விலை குறைவு. எல்லோரும் படிக்கலாம், எல்லோரும் அவ்விலைக்கு வாங்கலாம்.

இவ்விடத்தில் கடற்கரை ஊருக்கே உரிய ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். மாமல்லபுரத்தின் சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றவை. பல நாட்டவரும் வருகிறார்கள். அங்கே நேரில் நுழைவுச் சீட்டு வாங்குவோருக்குத் தொல்லியல் துறை வைத்த கட்டணம் இந்தியருக்கு 40 ரூபாய். பெரும்பாலான வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். "அரசே இரண்டு விலை வைக்கும்போது நாம் வைத்தால் என்ன?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அது வாயிலில் எழுதி, எல்லோரும் அறிய வாங்கும் கட்டணம். முகத்தைப் பார்த்து வாயில் வரும் விலை அப்படிப்பட்டதன்று. பொதியிட்ட பொருளின்மேல் அச்சிட்ட விலைக்கு மேல் யாரிடம் வாங்கினாலும் சட்டப்படி குற்றம். பொதியிடாமல் ஒன்றிரண்டு பழம் விற்கும்போது சட்டம் அருகில் நிற்காது; அப்போதும் பலகையில் எழுதிய விலையே விலையாக இருக்கட்டும்.

நம் இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களில் மூன்றாவது, களவாமை. தத்துவார்த்த சூத்திரம் அந்த விரதத்துக்கு நேரும் குற்றங்களை ஐந்தாக வகுக்கிறது. பொய்யான எடை, பொய்யான அளவு வைப்பது அவற்றுள் ஒன்று. தரம் குறைந்த போலிப் பொருளை நல்ல பொருள் என்று கலந்து விற்பது மற்றொன்று. நாட்டின் விதியை மீறி வணிகம் செய்வதும் அங்கே சொல்லப்படுகிறது. விலையைப் பற்றிய பேச்சு இவற்றைத் தொடாமல் முடியாது. காம்பவுண்டு தாழ்ந்த பொருள் அன்று. வெயில் தாங்கும், விலை மலிவு, பலருக்கு அதன் சுவை பிடிக்கும். ஆனால் காம்பவுண்டைத் தோய்த்துவிட்டுச் சாக்லேட் என்று எழுதி, சாக்லேட்டின் விலையை வாங்கினால், அந்த வேறுபாடு முழுவதும் களவு. பத்துப் பழம் 190 கிராம் என்று அச்சிட்டுவிட்டு, பூச்சை மெல்லியதாக்கி 170 கிராம் வைத்தால், அந்த 20 கிராமும் களவு.

இச்சோதனை எனக்கு நேரடியாகவே வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாக ஐவரி கோஸ்ட், கானா நாடுகளில், பருவநிலைக் கேட்டாலும் மரநோயாலும் கோகோ விளைச்சல் சரிந்தது. பல ஆண்டுகள் ஒரு டன் 2,000 முதல் 3,000 டாலர் அளவில் இருந்த கோகோ, 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் 12,000 டாலரைக் கடந்தது. எங்கோ ஒரு கண்டத்தில் மரம் வாடியது. செங்கல்பட்டில் என் நோட்டில் சிவப்பு மை கூடியது. எனக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. சொல்லாமல் பூச்சைக் குறைக்கலாம். சொல்லாமல் பொருளை மாற்றலாம். சொல்லிவிட்டு விலையை ஏற்றலாம். மூன்றாவதைத்தான் செய்தேன். வாடிக்கையாளர்களுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்: கோகோ விலை ஏறியிருக்கிறது, பழமும் எடையும் மாறவில்லை, விலை மட்டும் மாறுகிறது. சிலர் போனார்கள். போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள்.

சொல்லி ஏற்றியவர் சொல்லி இறக்கவும் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டின் மீதான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆயிற்று. நான் வாங்கும் சாக்லேட் அந்த அளவுக்கு மலிந்தபோது, நோட்டில் ஒரு பெட்டிக்குப் பத்து ரூபாய் குறையும் என்று வந்தது. அப்போது வீட்டு விலை 310 ஆக இருந்தது, 300 ஆக்கினேன். யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும், ஏறும்போது காட்டிய நோட்டை இறங்கும்போது மூடிவைக்க மனம் ஒப்பவில்லை.

விதி என்று சொன்னேன். அதையும் செலவாக எழுதுங்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வீட்டில் செய்து விற்பவரும் பதிவு பெற வேண்டும். சிறு வணிகருக்கான பதிவு எளிது, கட்டணமும் சிறிது. அந்தப் பதினான்கு இலக்க எண்ணை லேபிளில் இடுங்கள். நிகர எடை, செய்த நாள், எதுவரை உண்ணலாம் என்பது, சேர்ந்துள்ள பொருள்கள், உங்கள் முகவரி, விலை ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். நம்மவர்க்கு இது மேலும் பயன்படும். அத்திப்பழத்தையும் தேனையும் நம்மில் பலர் உண்பதில்லை. முட்டையும் ஜெலட்டினும் சேர்ந்திருக்குமோ என்று ஐயுற்றுப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்கள் உண்டு. ஐயத்தைத் தீர்க்கும் லேபிளுக்காக வாங்குபவர் இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கத் தயங்குவதில்லை.

இனி உறவினர் விலை. "நம் வீட்டுப் பிள்ளைதானே, எனக்கு என்ன விலை?" என்ற கேள்வியை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். இதற்கு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கொடுக்க விரும்பினால் முழுவதையும் அன்பளிப்பாகக் கொடுக்கிறேன். நோட்டில் 'அன்பளிப்பு' என்று எழுதுகிறேன். விற்பதானால் எழுதிய விலைக்கே விற்கிறேன். இரண்டுக்கும் நடுவே நிற்கும் பாதி விலை, வாங்குபவருக்குக் கடன்பட்ட உணர்வையும் கொடுப்பவருக்கு உள்ளுக்குள் ஒரு கசப்பையும் தருகிறது. தானமும் அப்படியே. தானம் செய்ய விரும்பும் சகோதரிகள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குச் செல்லுங்கள். சந்தையில் விலையைக் குறைத்துவிட்டு அதைத் தானம் என்று எண்ணாதீர்கள். அந்தத் தானத்தை வேறு யாரோ ஒருவர் தம் கூலியிலிருந்து கட்டிக்கொண்டிருப்பார்.

சொன்னவற்றைச் சுருக்கிக் கூறுகிறேன். தொழில் தொடங்கும் நாளிலேயே ஒரு நோட்டு வாங்குங்கள். பழம், சாக்லேட், பெட்டி, மின்சாரம், போக்குவரத்து, தேய்மானம் ஆகிய ஆறையும் எழுதுங்கள். ஏழாவதாக உங்கள் மணி நேரத்தை எழுதுங்கள்; கூச்சப்படாமல் எழுதுங்கள். மொத்தத்தைச் செய்த எண்ணிக்கையால் வகுக்காமல், விற்கும் எண்ணிக்கையால் வகுங்கள். அதன்மேல் வரப்போகும் கெட்ட நாளுக்கு ஒரு சிறு பங்கு வையுங்கள். கடைக்குக் கொடுத்தால் கழிவைக் கூட்டாமல் வகுத்துக் கணக்கிடுங்கள். வந்த விலை உயர்வாகத் தோன்றினால், பெட்டியைச் சிறிதாக்கி அதை வெளிப்படையாக எழுதுங்கள். ஆறு பழம் கொண்ட பெட்டியும் அழகாகவே இருக்கும். அப்படியும் அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை என்றால், அப்பொருளைச் செய்வதை நிறுத்துங்கள். நட்டத்தில் விற்றுத் திறமையைக் காட்ட வேண்டியதில்லை.

திருக்கழுக்குன்றத்துச் சகோதரியின் மூத்த பெண் இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். வணிகவியல் படிக்கிறாள். போன மாதம் என் நோட்டை வாங்கிப் பார்த்து, சிரித்துக்கொண்டே, "பெரியம்மா, கணக்கு எழுதும் நேரத்துக்குக் கூலி எழுதவில்லையே!" என்றாள். வாரத்துக்கு அரை மணி நேரம். அதையும் இப்போது எழுதுகிறேன்.

 அரங்குக்கு வெளியே ஒரு தட்டு வைத்திருக்கிறேன். இன்று அது விற்பனைக்கு அன்று, அன்பளிப்பு. நோட்டில் அப்படியே எழுதிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். பொழுது சாயுமுன் எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள்.